பெயரைக் கடைசியில் படியுங்கள்: ஒரு ஜப்பானிய வாள் தகட்டைப் பற்றி

கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவுக்கு வட்டமான இரும்புத் தகடு ஒன்று கிடைத்திருக்கிறது. நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. சுற்றிலும் பைன் மரமும் மனித உருவங்களுமாகக் குடைந்து செதுக்கியிருக்கிறார்கள். முகங்களிலும் உடைகளிலும் பொன் பொட்டுகள். துளையின் இரண்டு பக்கமும் எழுத்துகள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் அதை 'சோடென்' என்று படித்திருக்கிறார். இணையத்தில் தேடினால் அதே பெயரில் பெரிய விலைக்குப் போனதும் இருக்கிறது, சல்லிசாகக் கிடைப்பதும் இருக்கிறது. உள்ளூர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் "இது வார்ப்பு சார், பேப்பர் வெயிட்டா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். இது அசலா, போலியா? இதுபோல இன்னும் வாங்கிச் சேர்க்க ஆசை, எங்கே தொடங்குவது? சான்றிதழ் வாங்கலாமா? கூடவே சில படங்களும் போட்டிருக்கிறார்.

'அசலா போலியா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதை உடைத்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். இந்தத் தகடு உண்மையிலேயே வாளில் மாட்டுவதற்காகச் செய்ததா என்பது ஒன்று. எந்தக் காலத்தில், எந்தப் பட்டறை வழியில் வந்தது என்பது இன்னொன்று. அதில் வெட்டியிருக்கும் பெயருக்கு உரியவரே செய்தாரா என்பது முற்றிலும் வேறு. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு ஓரளவு சொல்லலாம். மூன்றாவதுக்கு, படத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. நான் அருங்காட்சியக உலோகப் பொருட்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். வாள் தகடு என் சொந்தப் பைத்தியம். ஜப்பானில் இதையே தொழிலாகக் கொண்ட மதிப்பீட்டாளர்கள் முன்னால் நான் மாணவன்தான்.

உங்கள் கையில் இருப்பதன் பெயர் ட்சுபா. வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உட்காரும் தகடு. கை வழுக்கி அலகின் மேல் போகாமல் தடுக்கும், வாளின் எடையைச் சமன்செய்யவும் உதவும். நீளமான கட்டானா வாளுக்கு உரியது பெரும்பாலும் 7 முதல் 8.5 செ.மீ. வரை இருக்கும். இடுப்பில் கூடவே செருகும் குட்டை வாளான வாகிஸாஷிக்கு உரியது அதைவிடச் சின்னது. சாதாரணமாக 4, 5 மி.மீ. கனம் இருக்கும். உங்களுடையது ஏழரை செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், அது பொருத்தமான அளவுதான். ஆனால் அளவை வைத்து எதுவும் முடிவாகாது, போலி செய்கிறவனிடமும் அளவுகோல் இருக்கும்.

முதலில் நடுத்துளையைப் பாருங்கள். சிற்பத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கைவிளக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் குறுகிய முனை மேலே இருக்கும்படி பிடித்தால், அதுதான் வாளின் வெட்டும் பக்கம். கட்டானாவை வெட்டும் பக்கம் மேலே இருக்கும்படி இடுப்பில் செருகுவார்கள் என்பதால் தகட்டையும் அப்படிப் பிடித்துப் பார்ப்பதே வழக்கம். வாள் மாட்டியிருந்த தகடு என்றால் இந்தத் துளை அதன் வாழ்க்கையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாளிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும்போது துளை பெரிதாக இருந்தால், மேலேயும் கீழேயும் சின்னச் செம்புத் துண்டுகளைச் செருகித் தட்டி இறுக்குவார்கள். இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமானால் துளையின் ஓரத்தில் உளியால் குத்தி இரும்பை உள்ளே தள்ளுவார்கள். துளை சிறிதாக இருந்தால் அரத்தால் ராவிப் பெரிதாக்குவார்கள். உங்கள் மூன்றாவது படத்தில் துளையின் அடியில் செம்பு நிறத்தில் ஏதோ தெரிகிறது. அது செம்புத் துண்டுதானா, அந்த இடத்தில் உளிக் குத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் துளையைச் சுற்றி நீள்வட்டமாக வேலைப்பாடே இல்லாத ஒரு பகுதி இருக்கும். அங்கேதான் தகட்டின் இரண்டு பக்கமும் செம்பு வளையத் தகடுகள் வந்து அழுந்தும். பல வருடம் அழுந்திய இடம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக, நிறத்தில் ஒரு மாற்று வேறுபட்டு இருக்கும். சில நேரம் வளையத்தின் விளிம்பு நிழல்போலப் பதிந்திருக்கும். நல்ல வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தெரியும். நடுத்துளைக்கு இடது புறம் அரைநிலா வடிவத்தில் ஒரு துளை இருந்தால் அது உறையில் செருகும் சிறு கத்தியின் பிடிக்கு. வலது புறம் மூன்று வளைவாக இருந்தால் அது கோகாய் என்ற கொண்டை ஊசி போன்ற கருவிக்கு. சிலவற்றில் இவற்றை ஈயத்தாலோ கறுப்பு உலோகத்தாலோ அடைத்திருப்பார்கள். அதுவும் பயன்பாட்டின் அடையாளம்தான், குறை அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேய்மானம் இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. பரிசாகக் கொடுப்பதற்கென்றே செய்து, வாளில் மாட்டாமலே பெட்டியில் இருந்த தகடுகளும் உண்டு. தேய்மானம் இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் வழக்கு தள்ளிவைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த வியாபாரி சொன்ன வார்ப்பு விஷயம். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. பயிற்சி வாள்களுக்காக இன்று அச்சில் வார்க்கும் தகடுகள் ஏராளமாக வருகின்றன. அவற்றைத் துருப்பிடிக்க வைத்துப் பழையதாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மேல்பரப்பு உதவாது. குடைந்த இடங்களின் உட்சுவரைப் பாருங்கள். கையால் வெட்டிய தகட்டில் முதலில் துளை போட்டு, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவியிருப்பார்கள். ஆகவே உட்சுவரில் அரத்தின் மெல்லிய கோடுகள் கிடக்கும், இரண்டு கோடுகள் கூடும் மூலை கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அந்த மூலைகள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் உட்சுவரின் நடுவே ஒரு மெல்லிய வரப்பு ஓடலாம். லென்ஸில் பார்த்தால் ஊசி முனை அளவுக்குக் குழிகள், வார்க்கும்போது காற்று நின்ற இடங்கள். உங்கள் தகட்டில் பைன் ஊசிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். அவ்வளவு நுணுக்கமான இடத்தில்தான் அச்சு தோற்கும். பொன் பொட்டையும் விடாதீர்கள். பழைய வேலையில் இரும்பைக் கீறியோ குழித்தோ அதில் தங்கத்தைத் தட்டி உட்கார வைத்திருப்பார்கள். எங்காவது ஒரு பொட்டு உதிர்ந்திருந்தால் அதன் கீழே உளியின் கீறல் தெரியும். கீறல் இல்லாத வழவழப்பான இரும்பு தெரிந்தால் அது பூச்சு.

ஜப்பானில் பழைய காலத்திலேயே வார்ப்பு இரும்பில் ட்சுபா செய்தார்களா என்பது சேகரிப்பாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் செய்தார்கள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது, ஆதாரம் போதாது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. நான் இரண்டாவது கூட்டத்தின் பக்கம் சாய்கிறேன், ஆனால் அது சாய்வுதான். அதனால் வார்ப்பு என்று உறுதியானாலும் 'நேற்று செய்தது' என்பது தானாக உறுதியாகிவிடாது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வார்ப்பிரும்பும் ஒட்டும், அடித்த இரும்பும் ஒட்டும். நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். நிறையக் குடைந்த தகடும், செம்பு செருகிய தகடும் அடித்துச் செய்ததாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். நான் அந்தச் சோதனையை நம்புவதில்லை.

இரும்பின் நிறம் நம்பத்தக்க சாட்சி, ஆனால் அதைப் படிக்கக் கண் பழக வேண்டும். நல்ல பழைய இரும்பு வெறும் கறுப்பாக இருக்காது. கருநீலமோ, ஊதா கலந்த பழுப்போ அடியில் ஓடும். பல வருடம் ஒரே வீட்டில் புழங்கிய தோசைக்கல்லின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூசியதாக இல்லாமல் உள்ளிருந்தே வந்த கறுப்பு அது, இதுவும் அப்படித்தான். மருந்து போட்டுக் கறுக்க வைத்த இரும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், குழிக்குள்ளும் மேட்டிலும் வித்தியாசமே தெரியாது. ஆரஞ்சு நிறத் தூளாக உதிரும் துரு வயதைக் காட்டாது, ஈரத்தைக் காட்டும். ஒரு மழைக்காலம் போதும் அதற்கு.

சரி, பெயருக்கு வருவோம். சோடென் என்பவர் பிவா ஏரிக்கரையில் ஓமி மாகாணத்தின் ஹிகோனே என்ற ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் வேலை செய்த கலைஞர். இரும்பைக் குடைந்து, சீன முனிவர்களையும் போர்வீரர்களையும் மரங்களோடு புடைப்பாகச் செதுக்கி, தங்கமும் வெள்ளியும் பதிக்கும் பாணியை அவர் பெயரால்தான் சொல்வார்கள். துளையின் ஒரு பக்கம் ஊர்ப் பெயரும் மறுபக்கம் ஆள் பெயருமாக வெட்டுவதும் அந்தப் பாணியின் வழக்கம். உங்கள் படத்தில் இருப்பது இதுதான். ஆனால் அந்தப் பெயர் அவ்வளவு செல்லுபடியானதால், ஹிகோனேயிலும் வெளியூர்ப் பட்டறைகளிலும் அதே மாதிரித் தகடுகளை அதே பெயரை வெட்டியே வெகுவாகச் செய்து விற்றார்கள். இன்று சோடென் என்று எழுதியிருக்கும் தகடுகளில் மிகப் பெரும்பான்மை அவர் கையால் ஆனவை அல்ல. இதில் கருத்து வேறுபாடே கிடையாது.

அதற்காக அவையெல்லாம் குப்பை என்று அர்த்தமில்லை. அவற்றில் பல, வாளில் மாட்டுவதற்காக, எடோ காலத்தில், இரும்பை அடித்துக் கையால் வெட்டிய தகடுகள். பெயர் மட்டும் இரவல். பெரியப்பாவின் தகட்டைப் பற்றி என் ஊகமும் இதுதான்: ஹிகோனே பாணி, எடோவின் பிற்பகுதி, சோடென் அல்ல. முதல் பாதியை ஓரளவு தைரியமாகச் சொல்கிறேன். 'எடோவின் பிற்பகுதி' என்பதைத் தயக்கத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் ஏற்றுமதிக்காகப் பிறகு செய்ததாகவும் இருக்கலாம். 1876-இல், எடோ ஆட்சிக்குப் பிறகு வந்த மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. ராணுவம், காவல்துறை, அரசு விழா உடை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரே ஆணையில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்ததால், மீதமிருந்த கலைஞர்கள் பூச்சாடி, பெட்டி என்று மாறினார்கள். பகட்டான ட்சுபாக்களும் யோகோஹாமா துறைமுகம் வழியாகக் கப்பலேறின. அவற்றில் வேலைப்பாடு தூக்கலாக இருக்கும், நடுத்துளையோ ஒரு வாளையும் பார்த்திராத மாதிரி இருக்கும். அதனால்தான் துளையை முதலில் பார்க்கச் சொன்னேன். இந்த மாற்றத்தில் எல்லோரும் கீழே போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கானோ நட்சுவோ (1828–1898) என்ற மேதை வாள் அணிகலனில் தொடங்கி, மெய்ஜி நாணயங்களின் வடிவமைப்பில் பங்கெடுத்து, பிறகு டோக்கியோ கலைப்பள்ளியில் பேராசிரியராக இருந்தார்.

பெயர் விஷயத்தில் சோடென் மட்டும் விதிவிலக்கு அல்ல. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய நோபுயியே, கானேயியே ஆகிய இரண்டு பெயர்களும் இரும்பு ட்சுபாவில் உச்சம். அதனாலேயே அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும். மறுபக்கம், மிகப் பழைய, மிக அழகான தகடுகளில் பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. ஓவாரி பகுதியின் குடைவேலைத் தகடுகள் தடிமனான கோடுகளோடு இடவலம் சமமாக உறுதியாக நிற்கும். கியோட்டோவின் தகடுகளில் கோடுகள் மெலிந்து நளினமாக வளையும். கானயாமா என்று சொல்பவை சின்னதாக, கனமாக இருக்கும், விளிம்பில் இரும்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு 'இரும்பின் எலும்பு' என்று பெயர், சேகரிப்பாளர்கள் விரலால் தடவித் தடவி ரசிப்பார்கள். இவற்றுக்கு 15, 16-ஆம் நூற்றாண்டு என்று தேதி போடுவது மரபு. அந்தத் தேதிகளுக்குப் பின்னால் ஆவணம் மிகக் குறைவு. பின்னாளில் வகைப்படுத்தியவர்கள் வைத்த பெயர்களும் பிரிவுகளும்தான் பல. ஓனின் என்று ஒரு வகையே இருக்கிறது, 1467–77 உள்நாட்டுப் போரின் பெயர் அது. எல்லாம் அந்தப் போர்க்காலத்தில் செய்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உறுதியான தரை வேண்டுமானால் ஹிகோ மாகாணத்தைப் பாருங்கள், இன்றைய குமாமோட்டோ. 1632-இல் ஹோசோகாவா குடும்பம் அங்கே ஆட்சிக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ததாஒகி, எளிமையைப் போற்றிய தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் சீடர். ஹயாஷி, நிஷிகாகி, ஷிமிசு, ஹிராதா என்று நான்கு பட்டறைகள் அவர்கள் ஆதரவில் வளர்ந்தன. துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஹயாஷி மதாஷிச்சியின் இரும்பைப் பார்த்துவிட்டால் மற்ற இரும்பெல்லாம் கொஞ்சம் வறண்டு தெரியும். பொன் பதித்துப் பேசவைக்கும் சோடென் பாணியைவிட எனக்கு இந்த அடக்கமே பிடிக்கும். இது என் ருசி, அளவுகோல் அல்ல.

இரும்பல்லாத தகடுகளையும் பார்ப்பீர்கள். ஷாகுடோ என்பது செம்பில் சில சதவீதம் மட்டும் தங்கம் கலந்த உலோகம். செம்பு உப்புக் கரைசலில் கொதிக்க வைத்தால் காக்கைச் சிறகின் நிறத்தில் நீலக் கறுப்பாக மாறும். ஷிபுயிச்சி என்பது செம்பும் வெள்ளியும் கலந்து சாம்பல் நிறம் தருவது. அந்த நிறம் மிக மெல்லிய படலம். நம் வீட்டுப் பழக்கத்தில் பித்தளை என்று நினைத்துப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் செம்புத் தட்டு கிடைக்கும், ட்சுபா போய்விடும். இந்த வகையில் தகட்டின் பரப்பெல்லாம் மீன் முட்டை போலப் பொடிப்பொடியாகப் புள்ளி குத்தியிருந்தால் லென்ஸை அங்கே வையுங்கள். நல்ல கை ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக, வரிசை பிசகாமல் குத்தியிருக்கும். வார்ப்பில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பியிருக்கும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் டோக்கியோவில் இருக்கிறது, ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகமும் அவர்களுடையதே. பொருளை நேரில் பார்த்து, புகைப்படத்தோடு தாள் கொடுப்பார்கள். ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ என்று படிகள் உண்டு. உலகச் சந்தை அந்தத் தாளை மதிக்கிறது. ஆனால் அதுவும் அனுபவசாலிகள் சிலரின் கருத்துதான், ஆய்வகச் சோதனை அல்ல. பவுலோனியா மரப்பெட்டியின் மூடியில் மைத்தூரிகையால் எழுதிய மதிப்பீடும் சில பொருள்களோடு வரும். பெட்டியும் தகடும் ஒன்றாகவே பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல பெட்டிக்குள் மட்டமான தகட்டை வைத்து விற்பது பழைய வித்தை. உங்கள் தகட்டை டோக்கியோவுக்கு அனுப்பலாமா என்றால், வேண்டாம் என்பேன். அனுப்பும் செலவும் முகவர் கூலியும் சேர்ந்தால் இந்தத் தரத்துக்குக் கட்டுப்படியாகாது.

சேர்க்கத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச காலம் வாங்காமலே பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட், டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் எல்லாம் தங்கள் ட்சுபாக்களின் தெளிவான படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. ஏலத் தளங்களில் வருவதை அவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில மாதத்தில் வார்ப்பு என்பது தூரத்திலேயே கண்ணில் உறுத்தத் தொடங்கும். பிறகு ஒன்றை வாங்குங்கள். பெயர் இல்லாத, ஒழுங்கான இரும்புத் தகடாகப் பாருங்கள். பெயர் வெட்டியிருந்தாலே விலையில் ஒரு பகுதி அந்தப் பெயருக்குப் போகிறது, அந்தப் பெயரோ நிற்காது. பத்துத் தகடு மொத்தமாக மலிவாக வருகிறது என்றால் கிட்டே போகாதீர்கள். விற்பவர் நடுத்துளையின் படத்தைக் காட்ட மறுத்தாலும் அப்படித்தான்.

கையில் இருப்பதைப் பாதுகாக்கும் முறை எளிது. கையை உலர்த்திக்கொண்டு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், வியர்வை உப்பு இரும்புக்கு எமன். சென்னைக் கடற்காற்றில் திறந்து வைக்க வேண்டாம், சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புத்தாள், கம்பி நார், துரு நீக்கும் திரவம் எதுவும் கூடாது. பருத்தித் துணியால் அடிக்கடி தேய்த்தாலே இரும்பின் நிறம் மெதுவாக எழும். ஆரஞ்சுத் துரு இருக்கும் புள்ளியில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் எலும்புத் துண்டால் பொறுமையாகச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். ஜப்பானில் மான்கொம்பு பயன்படுத்துவார்கள், இங்கே அதைத் தேடிப் போனால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டிவரும். மாட்டெலும்பு போதும்.

இன்னும் நான்கு படங்கள் எடுத்துப் போட முடிந்தால் என் ஊகத்தை இறுக்கிச் சொல்வேன், அல்லது மாற்றிக்கொள்வேன். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நடுத்துளையும் அதன் உட்சுவரும் ஒன்றில், பைன் ஊசிகளின் இடைவெளிகள் சாய்வாக ஒன்றில், பின்பக்கம் முழுதும் ஒன்றில், விளிம்பு மட்டும் ஒன்றில். பின்பக்கப் படத்தில் மறக்காமல் ஒரு ஸ்கேலையும் வையுங்கள்.